உறவுமுறை என்று ஒரு கட்டம்

கடலூர் திருப்பாப்புலியூரில் ரயிலடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஷட்டரை இறக்கியதும் வாசல் படி, வீடில்லாத ஒரு பெரியவருக்கு. எந்த ஊர் என்று கேட்டால் மேற்கே கையைக் காட்டுவார், அவ்வளவுதான். காலையில் நான் வருவதற்குள் வாசலில் தண்ணீர் தெளித்திருப்பார். அதற்கு ஒரு டீ, இரண்டு பொறை. குடி உண்டு. நம்மூருக்குப் பாண்டி எல்லையான முள்ளோடை பக்கம். பாண்டிச் சரக்கு யார் மூலமாவது வந்துவிடும்.

ஆடி மாதம் ஒருநாள், "இனிமே தொடறதில்ல தம்பி" என்றார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். தப்பு. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் புத்தி தடுமாறி உயிரே போகலாம். மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் நிறுத்த வைக்க வேண்டுமாம். இதெல்லாம் பிறகு ஒரு நர்ஸம்மா சொல்லித் தெரிந்தது.

மறுநாள் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தார். பாதி வேட்டியில். மூன்றாம் நாள் லேமினேஷன் மெஷின் மேல் எறும்பு ஊருகிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு எறும்பு கிடையாது.

108-க்குப் போன் போட்டேன். போன இடத்தில் முதல் கேள்வி, "கூட யாரு?" கடைக்காரன் என்றேன். சொந்தக்காரர் யாராவது ராத்திரி கூட இருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். ஒரு காப்பகத்தைக் கேட்டேன். குடிகாரரைச் சேர்ப்பதில்லை, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றது அந்தக் குரல். நான் ஆஸ்பத்திரியில்தான் நிற்கிறேன்!

படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம். பொய்யாக எழுதாதீர்கள் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவன், 'தம்பி' என்று எழுதினேன். கட்டில் கிடைத்தது. கட்டிலுக்குக் கீழே பாயில் 4 ராத்திரி.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை அப்புறம்தான் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். குடியால் வரும் மனநிலைக் கோளாறும் அதன் கணக்கில் மனநோய்தான். மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அவருடைய வீட்டாரைத் தேடுவதும் காவல் நிலையத்தின் கடமை என்கிறது 100-வது பிரிவு. 2013-இன் மத்திய அரசு திட்டமோ நகரத்தில் 1 லட்சம் பேருக்கு, வீடில்லாதவர் 100 பேராவது தங்க இடம் வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்பிலேயே நம்மூர் 1.7 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆகவே திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு இரண்டு முறை மனு எழுதினேன். கேட்டது இரண்டுதான்: குடிநிறுத்தத்துக்கு, கூட ஆள் இல்லாதவரையும் சேர்க்கும் கட்டில் நாலு, அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள். அப்புறம், வெளியே வந்ததும் மாத்திரை தவறாமல் கொடுக்கிற ஒரு தங்குமிடம். இப்போது அந்த மாத்திரை என் டிராயரில், ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் ஒருமுறை பெரியவர் மறுபடி குடித்தார், மறைக்கவில்லை.

இரண்டு மனுவுக்கும் ரசீது வந்தது. மூன்றாவதைப் பெரியவர் பெயரிலேயே போடலாம் என்று உட்கார்ந்தோம். 'மனுதாரர் முகவரி' என்ற இடத்தில் பேனா நிற்கிறது.