பிழையை எண்ணிப் பழகிய பிறகுதான் புள்ளியியல்

சேலத்தில் பள்ளி வேலையோடு பகுதிநேர ஆய்வுக்குப் பதிந்துகொள்ளும் மொழியாசிரியர்கள் முதலில் மலைப்பது சூத்திரங்களைப் பார்த்துத்தான். எனக்குச் சூத்திரங்கள் மூன்று வாரத்தில் பிடிபட்டன. எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது எனத் தீர்மானிக்கத்தான் ஒரு பருவமே ஆனது.

எட்டாம் வகுப்பின் ஒரு பிரிவுக்குப் புதிய முறையிலும் மற்றதற்கு வழக்கமான முறையிலும் கற்பித்து, அதற்கு முன்னும் பின்னும் (முன்தேர்வு, பின்தேர்வு) 100 சொற்களில் ‘சொல்வதை எழுதுதல்’ வைக்கிறோம். லகர, ளகர, ழகர மயக்கம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ‘வாழைப்பழம்’ என்பதை ஒரு பிள்ளை ‘வாளைப்பளம்’ என்று எழுதியிருக்கிறது. இது ஒரு பிழையா, இரண்டா? ‘வாழைபழம்’ என்று ஒற்றெழுத்தை விட்டுவிட்டால் அதையும் இதில் சேர்ப்பதா? திருத்தத் தொடங்கும் முன்பே இதையெல்லாம் ஒரு தாளில் விதியாக எழுதிவிட வேண்டும். சொல்லை அலகாகக் கொண்டு சரி, தவறு என இரண்டே வகையாகப் பிரித்து, சந்திப் பிழைக்குத் தனி நிரல் ஒதுக்குவது எனக்கு ஒத்துவந்தது. பாதித் தாள் திருத்திய பின் விதியை மாற்றினால் முதல் தாளிலிருந்து மறுபடி திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, 30 தாள்களை இன்னோர் ஆசிரியரிடம் கொடுத்துத் தனியாகத் திருத்தச் சொல்ல வேண்டும். இருவரும் 90 விழுக்காடு ஒத்துப்போனால் நெஞ்சு நிமிரும். ஆனால் பெரும்பாலான சொற்களைப் பிள்ளைகள் சரியாகத்தானே எழுதுகிறார்கள்? இருவருமே பத்தில் ஒரு சொல்லைத்தான் தவறென்று குறிப்பவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 82 விழுக்காடு ஒத்துப்போகும் (0.9 × 0.9 + 0.1 × 0.1). தற்செயலாக ஒத்துப்போகும் இந்தப் பங்கைக் கழிப்பதற்குத்தான் 1960இல் ஜேக்கப் கோஹன் கப்பா அளவைத் தந்தார். இங்கே அது (0.90 − 0.82) ÷ (1 − 0.82), அதாவது 0.44. அந்த மதிப்போடு மேலே போகாமல், எந்தச் சொற்களில் இருவரும் முரண்பட்டோம் என்று உட்கார்ந்து பேசி விதியைத் திருத்துவதே நல்லது.

எக்செல்லில் ஒரு மாணவருக்கு ஒரு நிரை. தேர்வுக்கு வராதவரின் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பழக்கதோஷத்தில் 0 போட்டுவிட்டால், பிழை எண்ணிக்கையில் 0 என்பது முழுமதிப்பெண் மாதிரி. வராத பிள்ளை வகுப்பில் முதலாவதாகிவிடும்! பின்தேர்வுத் தேதியையும் யோசித்து வையுங்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வைத்தால், தோட்ட வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்து விடுபட்டுப்போவார்கள். இப்படி விடுபடுவது தற்செயல் அல்ல. மீதிப் பேரின் சராசரி முன்னேறியதுபோலத் தெரிந்தாலும் அதை நம்ப முடியாது.

திட்ட விலக்கத்துக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகமே போதும், ஒரு முடிச்சைத் தவிர. 2, 4, 4, 6, 9 என்ற ஐந்து எண்களுக்கு அந்த முறையில் 2.37 வரும், ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் 2.65. இரண்டும் சரிதான். புத்தகம் 5ஆல் வகுக்கிறது. கையிலிருப்பது மாதிரி மட்டுமே என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள் 4ஆல் வகுக்கிறது. ஜமோவியும் அதுபோன்ற ஜாஸ்ப் மென்பொருளும் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

இரு சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் டி சோதனையை 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட காசெட் ஒரு மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். சிறு மாதிரிகளுக்காகவே உருவானது என்பதால் நம் வகுப்பறைக்கும் பொருந்துகிறது. ஆய்வேடுகளில் அடிக்கடி தென்படும் தவறு இதுதான்: ‘அ’ பிரிவின் முன்தேர்வையும் பின்தேர்வையும் ஒப்பிட்டு வேறுபாடு உண்டு, ‘ஆ’ பிரிவில் வேறுபாடு இல்லை, ஆகவே புதிய முறை வென்றது என்று எழுதிவிடுவார்கள். பி மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு; அது 0.05க்குக் கீழே வந்தால் ‘வேறுபாடு உண்டு’ என்பது வழக்கம். ஒன்றில் அது 0.04, மற்றதில் 0.06 என்றிருந்தால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு எங்கே இருக்கிறது? இரு பிரிவுகளையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும். முன்தேர்வை உடன்மாறியாகச் சேர்த்து, தொடக்கத்திலேயே இருந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டி ஒப்பிடும் அன்கோவா செய்வது இன்னும் நல்லது. பலர் மூன்றுக்குள் பிழை விட, நாலைந்து பேர் மட்டும் நாற்பதைத் தொடும் வகுப்பானால், சராசரியை விட்டு இடைநிலை அளவும், மதிப்பெண்ணுக்குப் பதில் தரவரிசையை ஒப்பிடும் மான்-விட்னி சோதனையும்.

அதிகம் பிழை விட்ட 20 பேரை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுக்கும் வழக்கமும் உண்டு. எதுவும் கற்பிக்காவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்கள் சராசரி பெரும்பாலும் சற்றுத் தேறியே இருக்கும். முதல் நாள் சறுக்கியதால் சிக்கியவர்களும் அதில் இருப்பார்கள்.

எத்தனை பேர் வேண்டும்? விளைவின் அளவு (இரு சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) 0.5 என்றும், அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு என்றும் வைத்தால் குழுவுக்கு 64 பேர்; 0.8 என்றால் 26. இது ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் வரும் கணக்கு. நாம் எடுப்பதோ முழுப் பிரிவுகளை. ஒரே ஆசிரியர், ஒரே அறை, பக்கத்துப் பெஞ்சு என்று பிள்ளைகள் ஒருவர்போல் ஒருவர் ஆகிவிடுகிறார்கள். ஒப்புமையே இல்லை என்றால் 0, முழு ஒப்புமை என்றால் 1 என்ற அளவில் அது 0.1 மட்டுமே என்றாலும், நாற்பது பேர் பிரிவுக்கு 1 + 39 × 0.1 = 4.9 வருகிறது; இதால் வகுத்தால் இரு பிரிவுகளின் 80 பேர், 16 பேருக்குத்தான் சமம். சேலத்தில் ஒரு பள்ளி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் ஒரு பள்ளி என்று எடுத்தால் இன்னும் மோசம்: வேறுபாடு முறையால் வந்ததா, ஊரால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா என்று எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு பள்ளியிலும் இரு முறைகளுக்கும் ஒரு பிரிவாவது இருக்க வேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கையைவிடப் பிரிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பயன் தரும்.

வினாநிரல் வைப்பவர்களுக்கு ஒன்று. ‘இலக்கணம் எனக்குச் சலிப்பூட்டுகிறது’ போன்ற எதிர்மறைக் கூற்றுகளை ஐந்து புள்ளி அளவையில் 6இலிருந்து கழித்துத் திருப்பிய பிறகே கூட்ட வேண்டும். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா எதிர்மறை எண்ணாக வந்தால், பெரும்பாலும் திருப்ப மறந்த நிரல் ஒன்று உள்ளே இருக்கும்.