வேலில போன ஓணான்

வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைன்னு ஊர்ல சொல்லுவாங்கல்ல, 2024 ஏப்ரல்ல நான் பண்ணுனது கிட்டத்தட்ட அதுதான், என்ன ஒன்னு, வேட்டிக்குப் பதிலா எங்க வீட்டு ஹாலு.

நாங்க இருக்குறது சிட்னில டூங்காபி பக்கம். ரெண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் தனியா இருந்தார், எண்பது தாண்டுனவர், ரயில்வேல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் வாசல்ல சேர் போட்டு உக்காந்திருப்பார், தோள்ல ஒரு ஓணான் உக்காந்திருக்கும், ஒரு முழத்துக்கும் மேல நீளம், கழுத்தச் சுத்தி முள்ளு முள்ளா. பியர்டட் டிராகன், இங்க எல்லாரும் பியர்டின்னு சொல்றது. பேரு மிக். என் பொண்ணு ஸ்கூல் விட்டு வரும்போது அவர் வாசல்ல நின்னு அதுக்கு ஒரு ஹலோ சொல்லிட்டுத்தான் வீட்டுக்கே வருவா. அந்த ஏப்ரல்ல பெரியவர் தூக்கத்துலயே போயிட்டார். அவர் மக பெர்த்துல இருக்காங்க, அவங்களுக்கு அத வேற ஸ்டேட்டுக்கு கொண்டு போகணும்னா பர்மிட் அது இதுன்னு ஆயிரம் வேலை, காரியம் எல்லாம் முடிஞ்ச அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து "உங்க பொண்ணுக்கு மிக்க ரொம்ப பிடிக்கும்னு அப்பா சொல்லிட்டே இருப்பார்"னு சொல்லிட்டு அதோட நிறுத்திக்கிட்டாங்க. அப்புறம் நான் என்ன சொல்ல முடியும்.

நியூ சவுத் வேல்ஸ்ல இந்த மாதிரி நாட்டு ஊர்வன எது வளர்த்தாலும் லைசென்ஸ் வேணும், வெளிநாட்டு ஜாதி பல்லி பாம்புன்னா வீட்டுல வளர்க்கவே கூடாது. ஆன்லைன்ல அப்ளை பண்ணி அது கைக்கு வர்ற வரைக்கும் அந்த மக டிக்கெட்ட தள்ளிப் போட்டுட்டு அப்பா வீட்டுலயே இருந்தாங்க.

இதுல சிரிப்பு என்னன்னா நான் கோவில்பட்டி பக்கம் கரிசக்காட்டுப் பய. ஓணானுக்கும் எங்களுக்கும் இருந்த உறவு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ராமர் தாகத்துக்கு தண்ணி கேட்டப்ப அணில் இளநி கொண்டாந்துச்சாம், ஓணான் ஒன்னுக்கு அடிச்சுக் குடுத்துச்சாம், அதனால ஓணான அடிச்சா புண்ணியம்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க, நாங்க அத வேதவாக்கா எடுத்துக்கிட்டோம். ஈர்க்குல சுருக்கு போட்டுப் பிடிச்சு மூக்குப்பொடி போட்டு விட்டு அது கிறுகிறுன்னு சுத்துறத பாத்து சிரிச்ச கூட்டம் நாங்க. அம்மாகிட்ட வீடியோ கால்ல மிக்க காட்டுனேன். "என்னல அது, ஓணானா? சீ, வீட்டுக்குள்ளயா வச்சிருக்க? அதுக்குப் பேரு வேறயா, மிக்ஸியா?" ஓணானேதான், அம்மா சொன்னது தப்பே இல்ல, நம்மூரு ஓணானும் இதுவும் ஒரே குடும்பம், அகாமிடேன்னு பேரு. ஆஸ்திரேலியாவோட நடுப்பக்கத்து வறண்ட காட்டுல இருக்குறது, வேலிக் கம்பு மேல ஏறி உக்காந்து வெயில் காயும். அங்கயும் வேலிதான் பாருங்க.

முதல் ரெண்டு வாரம் நான் ஒன்னும் மாத்தல. பெரியவர் எப்படி வச்சிருந்தாரோ அப்படியே டேங்க், அப்படியே லைட்டு, அப்படியே சாப்பாடு. அவர் அவ்வளவு பாசமா வச்சிருந்தார், அதுல நான் என்ன கை வைக்குறதுன்னு நினைச்சேன். மீன் வளக்குற மூணடி கண்ணாடித் தொட்டி, ஜன்னல் ஓரமா, மேல ஒரு ட்யூப் லைட்டு, ஒரு பல்பு. சாப்பாடு ஐஸ்பர்க் லெட்யூஸ், ஸ்ட்ராபெரி, ஒரு டப்பா நிறைய மீல்வார்ம்ங்குற புழு. டேங்க்குக்குள்ள ஒட்டுற வட்டத் தெர்மாமீட்டர் ஒன்னு, அது எப்பவும் பச்சைக் கோட்டுலயே நிக்கும்.

ஒரு நாள் ராத்திரி மிக்க கையில எடுத்தப்ப பின்னங்கால் விரல் மட்டும் வெடவெடன்னு நடுங்குச்சு. குளிருதோன்னு நினைச்சேன். மறுநாள் பாத்தா நடக்கும்போது வயித்தத் தூக்காம தரையோட தரையா இழுத்துக்கிட்டுப் போகுது. பொண்ணுதான் சொன்னா, "அப்பா, மிக் வாய் ஒரு பக்கமா கோணியிருக்கு"ன்னு. தாடையைத் தொட்டுப் பாத்தா எலும்பு மாதிரி இல்ல, கொஞ்சம் ரப்பர் மாதிரி அமுங்குது. அந்த அமுங்கல் இன்னும் என் விரல்ல இருக்கு.

ஊர்வன பாக்குற வெட்னரி டாக்டர் எல்லா இடத்துலயும் கிடையாது, தேடிப் பிடிச்சுப் போனோம், எக்ஸ்ரே, மலம் டெஸ்ட்டு, கன்சல்டிங் எல்லாம் சேத்து 400 டாலர் தாண்டிருச்சு. எக்ஸ்ரேல எலும்பு வெளிறிப்போய் மங்கலா கெடந்துச்சு. டாக்டரம்மா பொறுமையா விளக்குனாங்க. இதுக்கு தோல்ல யூவிபி, அதாவது வெயில்ல இருக்குற ஒரு புற ஊதாக் கதிர் படணும், பட்டாத்தான் உடம்பு வைட்டமின் டி3 பண்ணிக்கும், டி3 இல்லன்னா நீ எவ்வளவு கால்சியம் குடுத்தாலும் குடல்ல சேராது, அப்ப ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்த உடம்பு எங்க இருந்து எடுக்கும், எலும்புல இருந்துதான் உருவும். மெட்டபாலிக் போன் டிசீஸ்னு பேரு. ஜன்னல் ஓரமா வெயில்லதான வச்சிருக்கோம்னு நான் கேட்டேன். ஜன்னல் கண்ணாடி யூவிபிய உள்ள விடாது, வெளிச்சமும் சூடும்தான் வரும், அதுவும் கண்ணாடித் தொட்டிய நேர் வெயில்ல வச்சா வெந்தே போயிரும்னாங்க. ட்யூப் லைட்டு எரியுதேன்னேன். எரியும், யூவிபி வர்றது நின்னுபோய் ரொம்ப நாள் ஆனாலும் கண்ணுக்கு நல்லாத்தான் எரியும், அதனாலதான் தேதி வச்சு மாத்தணும்னாங்க.

நம்ம வீட்டு ட்யூப் எரியலன்னாதான மாத்துவோம். எரியுறத எவன் கழட்டுவான்.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சதுல பாதி ஒன்னுக்கொன்னு முரணா இருந்துச்சு, ஆனா எல்லாரும் ஒத்துக்குறது ரெண்டே விஷயம், யூவிபி நீள ட்யூபா இருக்கணும், சூட்ட அளந்து பாக்கணும். டி5ன்னு சொல்ற ஒல்லி ட்யூப், யூவிபி 12 சதவீதம்னு போட்டது வாங்குனேன், டேங்க் நீளத்துல பாதிக்கு மேல வர்ற மாதிரி, பல்பு இருக்குற பக்கமாவே. துப்பாக்கி மாதிரி இருக்குற டெம்பரேச்சர் கன் ஒன்னு வாங்கி மிக் படுக்குற கட்டை மேல அடிச்சுப் பாத்தேன், 29 டிகிரி. அது 40 பக்கம் இருக்கணும். பச்சைக் கோட்டுல நின்ன அந்த வட்டத் தெர்மாமீட்டர் இத்தனை நாள் கண்ணாடியோட சூட்டத்தான் காட்டிக்கிட்டு இருந்துச்சு. சூடு பத்தலன்னா சாப்புட்டதே செரிக்காது இதுக்கு. இந்த ஜாதிக்கு சூடுங்குறது எவ்வளவு பெரிய விஷயம்னா முட்டை 32 டிகிரிக்கு மேல போனா ஜீன்ல ஆணா இருக்குறது பொண்ணாப் பொரியும், காட்டுலயே அப்படி நடக்குதுன்னு கான்பெர்ரா யூனிவர்சிட்டி ஆளுங்க 2015ல நேச்சர் பத்திரிகைல எழுதியிருக்காங்க.

சரின்னு நான் ஆர்வக்கோளாறுல 150 வாட்ஸ் பல்பு ஒன்னு போட்டேன். கட்டை மேல 41, சூப்பர். சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்து பாத்தா மிக் அந்தக் கோடி மூலையில கண்ணாடிய பிராண்டிக்கிட்டு வாயத் திறந்து கெடக்கு, தொண்டைக்குக் கீழ இருக்குற முள்ளுத் தாடி கருகருன்னு. வெயில் காயும்போது கொஞ்ச நேரம் வாயத் திறக்குறது சகஜம்தான், ஆனா இது அது இல்ல. டெம்பரேச்சர் கன் வச்சு அடிச்சா குளுகுளுன்னு இருக்க வேண்டிய அந்தக் கோடிலயும் 37. மூணடித் தொட்டில ஒதுங்க இடமே இல்லாம நாள் பூரா வேக வச்சிருக்கேன். பெரியவர் மூணு வருஷத்துல செய்யாதத நான் ஒரே நாள்ல செஞ்சு முடிச்சிருப்பேன். அந்த வாரக் கடைசிலயே வேற டேங்க் ஒன்னு நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு அடி, மரத்துல செஞ்சது, செகண்ட்ஹேண்ட்ல பிடிச்சேன், பல்புக்கு தெர்மோஸ்டாட் வச்சேன். இப்ப ஒரு கோடி 40, மறு கோடி 25, நடுவுல எங்க படுக்கணும்னு அதுவே முடிவு பண்ணிக்குது.

சாப்பாட்டு விஷயம் வீட்டுல கலவரம் ஆயிருச்சு. வளந்த பியர்டிக்கு முக்கால்வாசிக்கு மேல கீரை காய்தான், பூச்சி வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை போதும், மீல்வார்ம் கொழுப்பு ஜாஸ்தி. இங்க பூச்சின்னா வுட்டீஸ், அதாவது கரப்பான்ல ஒரு ஜாதி, டப்பால விப்பாங்க. "கரப்பான் வராம இருக்க வருஷா வருஷம் மருந்தடிக்கிறோம், நீங்க காசு குடுத்து கரப்பான் வாங்கிட்டு வர்றீங்க"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டது நியாயமான கேள்வி. அந்த வுட்டீஸ் வழவழ பிளாஸ்டிக்லயும் ஏறும்னு எனக்குத் தெரியாது, மூடிய சரியா அழுத்தல, காலைல மிக்ஸி பின்னாடி நாலு, சாமி ரூம்ல ஒன்னு. மருந்தும் அடிக்கக் கூடாது, மருந்து பட்ட பூச்சிய மிக் தின்னா அதோட கதை முடிஞ்சுது, அதனால நானும் பொண்ணும் டம்ளர கவுத்துக் கவுத்துப் பிடிச்சோம். டப்பா விளிம்புல வாஸ்லின் தடவுனா ஏறாதுன்னு அப்புறம்தான் கத்துக்கிட்டேன். பூச்சிய ஒரு கவர்ல போட்டு கால்சியம் பவுடர் தூவிக் குலுக்குனா எல்லாம் விபூதி பூசிக்கிட்டு கோயிலுக்குக் கெளம்புன மாதிரி வெளிய வரும், அத வேடிக்கை பாக்க மட்டும் வீட்டுக்காரம்மா வருவாங்க.

கீரைல பசலை ஆகாது, அதுல இருக்குற ஆக்சலேட் கால்சியத்த பிடிச்சு வச்சுக்கும். ஐஸ்பர்க்ல தண்ணியத் தவிர ஒன்னும் இல்ல. அவகாடோ விஷம், மறந்தும் குடுத்துராதீங்க. கடுகுக் கீரை, என்டைவ், டேண்டலியன் இலை, பரங்கிக்காய துருவிக் கொஞ்சம், இதான் தினசரி. லெட்யூஸ் தின்னு பழகுன வாய், மொதல் பத்து நாள் கீரைத் தட்ட மிதிச்சுட்டுப் போச்சே தவிர தொடல. கடைசில அத மசிய வச்சது எங்க கொல்லையில பூத்த செம்பருத்தி. கீரை மேல ஒரு பூவப் பிச்சுப் போட்டேன், செவப்பப் பாத்து வந்து ஒரே கவ்வு, பூவோட கீரையும் உள்ள போச்சு. அதுல இருந்து காலைல செம்பருத்தி பறிச்சா சாமிக்கு ரெண்டு மிக்குக்கு ஒன்னு.

தூக்குறதும் ஒரு வித்தைதான். மேல இருந்து கைய நீட்டுனா பதறும். தலை உச்சில சின்னதா ஒரு செதில் இருக்கும், அதுதான் மூணாவது கண்ணு, உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும், நம்ம கை நிழல் விழுந்தா பருந்துன்னு நினைச்சுக்கும். நெற்றிக்கண் இருக்குற ஆளுகிட்ட பக்கவாட்டுலதான் போகணும், வயித்துக்குக் கீழ கைய குடுத்துத்தான் எடுக்கணும். எடுத்தப்புறம் சோப்பு போட்டு கை கழுவணும், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதோட தட்ட கிச்சன் சிங்க்ல கழுவவே கூடாது.

பெரியவரோட பழைய கண்ணாடித் தொட்டிய கழுவி வச்சுரலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்தேன். லைட் மாட்டுற மூடிய கவுத்துனா உள்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கு, அதுல பேனால வரிசையா தேதி. 2017 மார்ச், 2018 மார்ச், 2019, 2020, 2021. ஒவ்வொன்னும் அழகா அடிச்சு அடுத்தது எழுதியிருக்கு, குண்டு குண்டு கையெழுத்து. 2021க்கு அப்புறம் ஒன்னும் இல்ல. போட்டோ எடுத்து பெர்த்துக்கு அனுப்புனேன், ட்யூப் மாத்துன தேதி போலன்னு எழுதி. கொஞ்ச நேரத்துல அவங்களே ஃபோன் பண்ணாங்க. அது அம்மாவோட கையெழுத்துன்னாங்க. மிக் அம்மாவோடது, குஞ்சா வாங்கி வளத்தது அவங்கதான், கீரை நறுக்குறது, பூச்சி, லைட்டு எல்லாம் அவங்க வேலை, அப்பா கிட்டயே வரமாட்டார். 2021 குளிர்ல அம்மா போனப்புறம் அப்பாதான் எடுத்துக்கிட்டார்.

நாங்க இந்தத் தெருவுக்கு வந்தது 2022ல. அதனால எங்களுக்கு அவர் எப்பவும் தோள்ல ஓணானோட இருந்த மனுஷன்தான். ரெண்டு வாரமா நான் மனசுக்குள்ள அவர என்னென்னவோ சொல்லிக்கிட்டு இருந்தேன், இவ்வளவு பாசம் வச்சவருக்கு ஒரு ட்யூப் மாத்தத் தெரியலையான்னு. அவருக்கும் அது அப்படியே கையில குடுத்துட்டுப் போனதுதான், என்ன ஏதுன்னு சொல்லிக் குடுக்க ஆளில்லாம. டேங்க ஜன்னல் பக்கம் நகர்த்துனது கூட அவர்தானாம், அது ரோட்ட வேடிக்கை பாக்கட்டும்னு.

அந்த வருஷக் குளிர்ல டாக்டரம்மா தூங்க விடாதீங்கன்னுட்டாங்க, கால்சியம் சிரப்பு வாயில சொட்டு சொட்டா விட்டு, லைட்ட கொறைக்காம ஓட்டுனோம். இந்த வருஷம் ஜூன் கடைசில சாப்பாட்ட நிறுத்திட்டு கட்டைக்கு அடியில போய் சுருண்டுக்கிச்சு. ப்ரூமேஷன்னு சொல்றது, குளிர் காலத்து நீளத் தூக்கம். தெரிஞ்சிருந்தும் தினம் ரெண்டு தடவை மூச்சு வருதான்னு பாத்தேன், கிச்சன் தராசு மாதிரி தனியா ஒன்னு வாங்கி வாரத்துக்கு ஒரு தடவை எடை போட்டு எழுதுனேன், எட்டு கிராம்தான் கொறஞ்சுச்சு. ஆகஸ்ட் கடைசில ஒரு நாள் காலைல கட்டை மேல ஏறி உக்காந்திருந்துச்சு, உடம்பு அடுப்புக்கரி மாதிரி கருப்பு, சூட்ட இழுக்க காலைல அப்படித்தான் கருத்துக்கும், பல்பு போட்டு அரை மணி நேரத்துல ஓரத்துல இருந்து மெல்ல மெல்ல வெளுத்து வைக்கோல் கலருக்கு வந்துச்சு. காபி ஆறிப்போச்சு எனக்கு.

கால் நடுக்கம் போயிருச்சு. தாடைக் கோணல் நேராகாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க, அதனால பூச்சிய கவ்வும்போது ஒரு பக்கம் நழுவும், மறுபடி கவ்வும். நேத்து எடை 431 கிராம். பழைய டேப்ப பிய்க்காம அப்படியே எடுத்து புது டேங்க் மூடில ஒட்டியிருக்கேன், 2021க்குக் கீழ 2024 மே, 2025 மே, அடுத்தது 2026 மேன்னு பொண்ணு எழுதியிருக்கா, அவ கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு.