கண்ணாடி மாறியது கேமராவுக்குத் தெரியாது

முன்னால் போன லாரியின் டயரிலிருந்து தெறித்த ஒரு சின்னக் கல். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்கு நேராக, காரின் முன் கண்ணாடியின் அடி விளிம்பிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றி மயிரிழை மாதிரி மூன்று கீறல். ஓட்டும்போது கண்ணை மறைக்கிற இடம் இல்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறப்போட்டேன்.

அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. அவ்வளவு சின்னக் காயம் என்றால், உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிசினைச் செலுத்தி, புறஊதா விளக்கைக் காட்டி இறுக வைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. கண்ணாடி அதே கண்ணாடியாக இருக்கும், கேமராவை யாரும் தொட வேண்டியதில்லை. நான் போகவில்லை. பத்தாம் நாள், வெயிலில் மணிக்கணக்காக நின்ற வண்டியை எடுத்து, ஏசியை முழு வேகத்தில் வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். வெளிப்பக்கம் கொதிக்கிறது, உள்பக்கம் குளிர்காற்று படுகிறது. என் கண் முன்னாலேயே அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, வளைந்து, நடுக்கண்ணாடிவரை ஏறி நின்றது. சத்தமே இல்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் பின்பார்வைக் கண்ணாடிக்குக் கீழே வரை வந்துவிட்டது.

கண்ணாடி உடைந்து மேலே கொட்டவில்லை. முன் கண்ணாடி இரண்டு தகடு. நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் படலம். எது உடைந்தாலும் அந்தப் படலம் பிடித்து வைத்துக்கொள்ளும். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் அப்படி இல்லை, அடிபட்டால் பொடிக் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். ஆனால் படலம் பிடித்திருக்கிறதே என்று இனி ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. விரிசல் போய் நின்ற இடத்துக்கு நேர் பின்னால்தான் வண்டியின் கேமரா இருக்கிறது.

பலருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு மூடி போட்ட ஒரு பெட்டி. தடக்கோட்டைப் பார்ப்பது, முன்னால் திடீரென்று ஆளோ வண்டியோ வந்தால் தானாகப் பிரேக் போடச் சொல்வது, வேகப் பலகையைப் படிப்பது, எதிரே வண்டி வந்தால் ஹைபீமைத் தாழ்த்துவது எல்லாவற்றுக்கும் அதுதான் கண். என் வண்டியில் ரேடார் முன் பம்பருக்குள் தனியாக இருக்கிறது. கண்ணாடி மாற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது. கேமரா மட்டும் கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறது.

இரண்டு கடைகளுக்குப் போன் போட்டேன். முதல் கடையில் வண்டியின் பெயர், எந்த வருஷம் என்று இரண்டே கேள்வி. நாளைக்கே வாங்க என்றார்கள். இரண்டாவது கடையில் பேசியவர் சேஸிஸ் நம்பரைக் கேட்டார். பழைய கண்ணாடியின் கீழ்மூலையில் அச்சடித்திருக்கும் முத்திரையையும், வெளியிலிருந்து கேமரா தெரிகிற மாதிரி மேல்பகுதியையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். ஒரே மாடல், ஒரே வருஷம் என்றாலும் நாலைந்து விதக் கண்ணாடி இருக்கலாம் என்பது அவர் சொல்லித்தான் தெரியும். மழை சென்சார் இருக்கிறதா, கேமராவுக்கு எதிரே பனி போக்கும் சூட்டுக் கம்பி இருக்கிறதா, சத்தத்தைக் குறைக்கிற படலம் வைத்ததா, வேகத்தைக் கண்ணாடியிலேயே காட்டுகிற வசதி உண்டா என்று எல்லாம் பார்க்க வேண்டும். அந்த வசதி உள்ள வண்டியில் நடுப் படலம் மேலிருந்து கீழே ஆப்பு மாதிரி மெலிந்து வரும். சாதாரணக் கண்ணாடியைப் போட்டால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். கடைசியாக அவர், "கண்ணாடி வர நாலு நாள் ஆகும். மாட்டின பிறகு காலிபரேஷனுக்கு, அதாவது கேமராவுக்கு எது நேர்னு மறுபடி சொல்லிக் கொடுக்க, அரை நாள் வண்டியை விடணும்" என்றார்.

எனக்கு நாலு நாள் பொறுமை இல்லை. முதல் கடைக்குப் போனேன்.

அந்தக் கடையில் கண்ணாடி மாட்டிய ஆளின் கைவேலையை நான் குறை சொல்லவே மாட்டேன். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். உள்ளே இருக்கைகள் மேல் போர்வை விரித்தார். மெல்லிய கம்பியைக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைத்து, பழைய பசையைச் சுற்றிலும் அறுத்து எடுத்தார். சட்டத்தில் ஒட்டியிருந்த பசையை முழுக்கச் சுரண்டவில்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு விட்டுவிட்டு மட்டமாகச் சீவினார். புதுப்பசை தன் இனத்துப் பழைய பசை மேல்தான் நன்றாகப் பிடிக்குமாம். கத்தி பட்டு ஒரு இடத்தில் பெயின்ட் உரசியிருந்தது. அதற்கு மட்டும் தனியாக ப்ரைமர் தொட்டு வைத்து, "இதை விட்டா இங்கேருந்துதான் சார் துரு ஆரம்பிக்கும்" என்றார். பசை குழாயின் மூக்கை முக்கோணமாக வெட்டியிருந்தார்கள். அதிலிருந்து கறுப்புப் பசை ஒரே உயரத்தில், எங்கேயும் அறுபடாமல், சுற்றிலும் வரப்பு மாதிரி எழுந்து நின்றது. இரண்டு பேர் உறிஞ்சு பிடியால் கண்ணாடியைத் தூக்கி வந்து, ஒரே தடவையில் அதன் மேல் இறக்கினார்கள். ஒட்டுகிற ஓரத்தில் யாருடைய விரலும் படவில்லை.

மூன்று மணி நேரம் வண்டியை எடுக்கக் கூடாது என்றார். அந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். எவ்வளவு நேரம் என்பது பசைக்குப் பசை, குளிருக்கு வெயிலுக்கு மாறும். அந்த நேரம் வெறும் சம்பிரதாயம் இல்லை. பக்கத்து இருக்கையின் ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து, முன் கண்ணாடியில் முட்டித்தான் ஆளின் பக்கம் திரும்புகிறது. பசை இறுகாத கண்ணாடி அந்த வேகத்தைத் தாங்காமல் பிய்த்துக்கொண்டு போகும். வண்டி உருண்டால் கூரையைத் தாங்குவதிலும் இந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. ஒரு நாள் முழுக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்கச் சொன்னார். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளுமாம். இரண்டு நாளைக்கு வாட்டர் வாஷ் வேண்டாம் என்றார். எல்லாம் சரியான வார்த்தை.

பழைய கண்ணாடியிலிருந்து கேமராவைக் கழற்றிப் புதுக் கண்ணாடியின் கொக்கியில் 'க்ளிக்' என்று மாட்டினார். "கேமராவுக்குக் காலிபரேஷன் எதுவும் பண்ணணுமா?" என்று கேட்டேன். "டேஷ்போர்டுல லைட் எதுவும் எரியலையே சார், பிரச்சினை இல்லே" என்றார். லைட் எரியவில்லைதான். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறியதும், சாலைக் கோடுகளுக்கு நடுவில் வண்டியைத் தானே பிடித்து வைக்கிற தடம் காக்கும் உதவியைப் போட்டேன். வழக்கமாக வண்டி நூல் பிடித்த மாதிரி நடுவில் போகும். அன்றைக்கு ஒரு பக்கமாகவே ஒதுங்கியது. நான் நடுவுக்குக் கொண்டுவந்தால், ஸ்டியரிங் மெதுவாக என் கையை எதிர்த்து மறுபடி அந்தப் பக்கமே இழுத்தது. ஒரு வளைவில் பக்கத்துத் தடத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. வண்டி அதன் பக்கமாகச் சாய்கிறது, நான் இந்தப் பக்கம் பிடித்து இழுக்கிறேன். உள்ளங்கை வியர்த்துவிட்டது. எல்லா உதவிகளையும் அணைத்துவிட்டுத்தான் மேலே ஓட்டினேன். போதாக்குறைக்கு, சொட்டு மழை இல்லாத சாலையில் வைப்பர் தானாக இரண்டு முறை ஓடியது. அப்போதும் டேஷ்போர்டில் ஒரு லைட்டும் எரியவில்லை.

நாலு நாள் கேட்ட அந்த இரண்டாவது கடைக்குத்தான் போய் நின்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "கேமராவுக்குத் தன் முன்னால இருக்கிற கண்ணாடி மாறினதே தெரியாது சார். பழைய கண்ணாடியில எது நேர்னு சொல்லி வெச்சிருந்தாங்களோ, அதையே நேர்னு நம்பிட்டிருக்கும். ஒயரு சரியா இருக்கு, படம் வருது, அப்புறம் எதுக்கு லைட் எரியப் போகுது?" என்றார். பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பார்வை 1 டிகிரி விலகினால், 50 மீட்டர் தூரத்தில் 87 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். 100 மீட்டரில் அது ஒன்றேமுக்கால் மீட்டர். மூன்றரை மீட்டர் அகலத் தடத்தில் அது சரிபாதி. பக்கத்துத் தடத்தில் போகிற வண்டியை என் வண்டி தன் தடத்தில் இருப்பதாக நினைக்கலாம், எனக்கு நேர் முன்னால் இருப்பதை விட்டும் விடலாம். பஸ்ஸின் பக்கம் ஏன் சாய்ந்தது என்று அந்தத் தாளைப் பார்த்தபோது புரிந்தது.

கண்ணாடியைச் சோதித்தார்கள். கேமரா கொக்கி சரியாகவே ஒட்டியிருந்தது, கேமரா பார்க்கிற பகுதியில் படத்தை நெளிய வைக்கிற அலை எதுவும் இல்லை. அந்தக் கொக்கி கோணலாக இருந்திருந்தால் இன்னொரு கண்ணாடி வாங்குவதைத் தவிர வழி கிடையாது என்றார்கள். மழை சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஜெல் வில்லை இருக்கும். முதல் கடையில் பழைய வில்லையையே திரும்ப ஒட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதில் கடுகு கடுகாகக் காற்றுக் குமிழி தெரிந்தது. சென்சார் அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடிக்குள் அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. மேலே மழைத்துளி இருந்தால் கொஞ்சம் ஒளி அதன் வழியாக வெளியேறிவிடும். குமிழி இருந்தாலும் ஒளி குறைகிறது, அதை அது மழை என்று எடுத்துக்கொள்கிறது. புது வில்லை வைத்தார்கள், அந்தக் கோளாறு அங்கேயே தீர்ந்தது.

காலிபரேஷன் என்றால் கம்ப்யூட்டரைச் செருகிப் பட்டனைத் தட்டுவது என்று நினைத்திருந்தேன். டிக்கியைக் காலி செய்யச் சொல்லித்தான் அவர்கள் ஆரம்பித்தார்கள். நாலு டயரிலும் காற்று அளந்தார்கள். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். பாரம் ஏறி வண்டி ஒரு விரல்கடை தாழ்ந்தால்கூட கேமராவின் பார்வை மாறிவிடும். வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். பின் சக்கரங்கள் எந்தத் திசையில் உருள்கிறதோ அதுதான் வண்டி உண்மையில் போகும் நேர். முன்பக்க லோகோ பார்க்கிற திசை அல்ல. சக்கரங்களில் கருவியை மாட்டி, லேசர் கோட்டால் அந்த நேரைக் கண்டுபிடித்து, மட்டம் பார்த்த தரையில் அதன் மேல் ஒரு பலகையை நிறுத்தினார்கள். கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட பலகை. தூரம், உயரம், நடு மூன்றும் மில்லிமீட்டர் கணக்கு. தூக்குக்குண்டு வைத்துச் சுவர் எழுப்புகிற கொத்தனாரின் பொறுமையோடு ஒரு பெண் டெக்னீஷியன் டேப்பைப் பிடித்து மூன்று முறை அளந்தார்.

முதல் முறை 'தோல்வி' என்று வந்தது. அவர் எதையும் மறுபடி அளக்கவில்லை, நிமிர்ந்து பார்த்தார். ஷட்டரின் இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் பலகையின் மூலையில் விழுந்திருந்தது. ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டார். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது.

என் வண்டிக்கு அதோடு முடியவில்லை, ஓட்டியும் பழக்க வேண்டும். சில வண்டிக்குப் பலகை மட்டும் போதும், சிலதுக்கு ஓட்டம் மட்டும், சிலதுக்கு இரண்டும் வேண்டும். அதை வண்டிக் கம்பெனிதான் முடிவு செய்கிறது. கோடுகள் பளிச்சென்று இருக்கிற சாலைக்குப் போனோம். ஸ்கேன் கருவி இணைத்தபடியே இருந்தது, டெக்னீஷியன் சீரான வேகத்தில் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் சதவீதம் ஏறியது, கோடு அழிந்த ஒரு இடத்தில் அப்படியே நின்றது, மறுபடி ஏறியது. முடிந்ததும் திரும்பி வந்து வண்டி முழுக்க ஸ்கேன் எடுத்து, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அறிக்கை இரண்டையும் பில்லோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் கண்ணாடி மட்டுமா, காலிபரேஷனும் சேர்த்தா என்று வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். இரண்டையும் இரண்டு இடத்தில் செய்து நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்த வாரம் அதே நெடுஞ்சாலை, அதே வளைவு. தடம் காக்கும் உதவியைப் போட்டுவிட்டு, கையை எடுக்காமல் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்திருந்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் வண்டி வளைந்தது, கையில் இழுப்பே இல்லை. வளைவு முடிகிற இடத்தில் தூறல் போட்டது. வைப்பர் ஒரு முறை வந்து துடைத்துவிட்டுப் போனது.