மாணவர் சீசன் டிக்கெட் எடுத்த கதை

2023 ஆகஸ்டில் சென்னை சேப்பாக்கத்தில் முதுகலை சேர்ந்தேன். வீடு செங்கல்பட்டு பக்கம் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில். விடுதி வேண்டாம், ரயிலிலேயே போய் வந்துவிடலாம் என்று முடிவு. முதல் இரண்டு வாரம் தினமும் டிக்கெட் எடுத்தேன். லேடீஸ் பெட்டியில் ஒரு அக்காதான், "சீசன் போடலையாம்மா? படிக்கிற பிள்ளைக்குப் பாதிக் காசுதானே" என்றார்.

மாதக்கணக்கில் மொத்தமாகக் கட்டிப் போய்வரும் சீசன் டிக்கெட்டைத்தான் சொன்னார். அந்தப் பாதிக் காசுக்குக் கல்லூரி தரும் சலுகைப் படிவம் வேண்டும். பொதுவாக 25 வயது வரைதான் சலுகை; எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 27, ஆராய்ச்சி மாணவர்களுக்கு 35. அலுவலகத்தில் படிவம் வாங்கி, துறைத்தலைவரிடம் கையெழுத்து, பிறகு முத்திரை. இரண்டு நாளில் முடிந்தது.

நான் தவறியது ஒரே ஒரு கட்டத்தில். புறப்படும் நிலையம் என்ற இடத்தில் செங்கல்பட்டு என்று எழுதிவிட்டேன். முகவரியில் மாவட்டத்தை எழுதிய கை அப்படியே கீழேயும் எழுதிவிட்டது. கவுன்டரில் இருந்த அம்மா ஆதாரைப் பார்த்தார். அதில் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019இல்தானே. "ஊரு ஒண்ணு, மாவட்டம் ஒண்ணு, ஸ்டேஷன் ஒண்ணு. இதுல எதும்மா உன் வீடு?" என்று பொறுமையாகக் கேட்டார். அடித்துத் திருத்தினால் செல்லாது, முத்திரையோடு புதுப் படிவம் வேண்டும் என்றார். மறுபடி இரண்டு நாள். நீங்கள் எடுக்கப்போகிறீர்கள் என்றால், வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தின் பெயரை முதலில் பென்சிலில் எழுதிப் பாருங்கள். போட்டோ ஒட்டிய ரயில்வே அடையாள அட்டையையும் மறக்காதீர்கள். அதன் எண் சீசனில் இருக்கும். அட்டை கையில் இல்லாமல் சீசனை மட்டும் காட்டினால் செல்லாது.

மூன்று மாதச் சீசனே எடுங்கள். மாதச் சீசனைப் போல 2.7 மடங்குதான் விலை. முடிவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம். என்னிடம் ஒவ்வொரு முறையும் புதுப் படிவம் கேட்டார்கள், அதனால் தேர்வு நேரத்தில் முடியாதபடி கணக்குப் பார்த்து எடுத்தேன்.

முதல் சீசன் பூங்கா நிலையம் வரைதான். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக, ஆகஸ்ட் 27 முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை, அதாவது மேம்பாலப் பாதையில் ஓடும் ரயிலை, நிறுத்தியிருந்தார்கள். பூங்காவில் மாறிச் சேப்பாக்கம் போக அந்த ரயில்தான். பூங்காவில் இறங்கி, சென்ட்ரல் பக்கம் வந்து மகளிர் இலவசப் பேருந்து பிடிப்பேன்.

காலை வண்டியில் நான் ஏறும்போது உட்கார இடம் இருக்காது. பொத்தேரியில் பொறியியல் படிக்கும் பெண்கள் கூட்டமாக இறங்குவார்கள், அங்கே இடம் கிடைக்கும். கூடுவாஞ்சேரி தாண்டியதும் நோட்டை விரித்துவிடுவேன். முதல் செமஸ்டர் பாடம் பாதி அந்தப் பெட்டியில் படித்ததுதான். எதிரே பூக்கட்டும் அக்கா, "சத்தமாப் படி, எனக்கும் கேக்கட்டும்" என்பார். செமினாருக்கு முந்தின நாள் நான் பேசப்போவது முழுவதையும் அவரிடம்தான் சொல்லிப் பார்த்தேன். எங்கே அவர் முகம் சுருங்கியதோ, அந்தப் பத்தியைத் திருத்தி எழுதினேன். வகுப்புத் தோழிகளைவிட அந்தப் பெட்டிப் பெண்களோடுதான் அதிக நேரம் இருந்திருக்கிறேன்.

2024 அக்டோபர் இறுதியில் பறக்கும் ரயில் மறுபடி கடற்கரை வரை ஓடத் தொடங்கியது. அடுத்த படிவத்தில், சேரும் நிலையம் என்ற இடத்தில் சேப்பாக்கம் என்று எழுதினேன். கவுன்டரில் அதே அம்மா. புறப்படும் இடத்தை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, "சரியாப் போட்டிருக்க" என்றார்.