12.5 வோல்ட் காட்டும் பேட்டரி ஏன் ஏடிவியைக் கிளப்ப மாட்டேன் என்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதையில் ஓடும் நாலு சக்கர மோட்டார் வண்டி, ஓடும் விதமே பேட்டரிக்குப் பகை. மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒரு நிரையில் நிறுத்தி, இறங்கிக் குலைகளைப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வார். இருநூறு மீட்டர் போனதும் மறுபடி நிறுத்துவார். ஒரு ஸ்டார்ட்டுக்குப் போன மின்சாரத்தை அந்தச் சின்ன ஓட்டம் திருப்பித் தராது. ஓடாமல் நின்றபடி இன்ஜின் சுற்றும் ஐட்லிங்கில், மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் கொடுப்பதே கொஞ்சம். அதிலும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் ஹெட்லைட்டுக்கும் போக மிச்சம் எங்கே இருக்கிறது? இப்படி எந்நேரமும் அரைச் சார்ஜில் கிடக்கும் பேட்டரியின் தட்டுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். நம் ஊர் வெயில் அதை இன்னும் வேகப்படுத்தும்.

பட்டனை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறதா? உடனே டவுனுக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்காதீர்கள். அதே சத்தம் தளர்ந்த நட்டாலும் வரும், அரித்த எர்த் வயராலும் (பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் வயர்) வரும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும், பேட்டரியா வேறு ஏதாவதா என்று தெரிந்துவிடும்.

முதலில் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஏடிவி பேட்டரியின் டெர்மினலுக்குள் ஒரு சிறு சதுர நட்டு தளர்வாக உட்கார்ந்திருக்கும். வயரைக் கழற்றி மாட்டும்போது அது கீழே இறங்கிவிடும். போல்ட் நாலு மரை பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு மரைதான் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இறுகின மாதிரியே இருக்கும், தோட்டப் பாதையின் குலுக்கலில் இரண்டே நாளில் தளர்ந்துவிடும். பழைய டியூப் ரப்பரில் சிறு துண்டு வெட்டி நட்டுக்கு அடியில் வைத்தால் நட்டு உயர்ந்து நிற்கும், போல்ட் முழுதாக ஏறும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சோடா மாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டு ஷார்ட் ஆகும்.

அடுத்தது ஓய்வு வோல்டேஜ். ஓடி நின்ற உடனே அளந்தால் மீட்டர் ஏமாற்றும், ஏனென்றால் தட்டுகளின் மேற்பரப்பில் ஒட்டிய சார்ஜ் எண்ணை உயர்த்திக் காட்டும். ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் சாவி போடும் முன் அளவெடுங்கள். ஆசிட்டைக் கண்ணாடி நார் உறிஞ்சிவைத்திருக்கும் மூடிய ஏஜிஎம் வகை முழுச் சார்ஜில் 12.8 வோல்ட் அளவில் நிற்கும். 12.4க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். சார்ஜ் இல்லாத பேட்டரியை மேற்கொண்டு சோதிப்பதில் பயனில்லை. 12 ஆம்பியர்-அவர் (பேட்டரி சேமிக்கும் அளவு) பேட்டரிக்கு 1.2 ஆம்ப் அளவு போதும். கார் சார்ஜரின் பெரிய கரண்டைக் கொடுத்தால் சூடேறிக் கெட்டுவிடும். நன்றாகச் சார்ஜ் போட்டு, ராத்திரி முழுக்க விட்ட பிறகும் 10.5 அளவிலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது. மொத்தம் ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் சொச்சம். ஒன்று போனால் கணக்கு அப்படித்தான் வரும்.

உண்மையைச் சொல்லும் சோதனை இனிமேல்தான். 12.5 வோல்ட் என்பது பேட்டரி சும்மா இருக்கும்போது காட்டும் எண். தட்டில் சல்பேட் இறுகியிருந்தாலும் அந்த எண் வரும், ஆனால் பாரம் ஏறியதும் சரிந்துவிடும். மீட்டரின் முனைகளைப் பேட்டரி முனையிலேயே வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் பட்டனை மூன்று நொடி அழுத்தச் சொல்லுங்கள். இன்ஜெக்ஷன் வண்டி உடனே பிடித்துவிடும், அளக்க நேரம் கிடைக்காது. அதற்கு ஃபியூல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு முறுக்கலாம். 10.5க்கு மேல் நின்றால் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. முழுச் சார்ஜுக்குப் பிறகும் 9.6க்குக் கீழே விழுந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். இடைப்பட்ட அளவு என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும், தோட்டத்தின் உள்கோடிவரை கொண்டுபோகாதீர்கள்.

அழுத்தும்போது பேட்டரி 12.3 வோல்டிலேயே அசையாமல் நிற்கிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால் குறை பேட்டரியில் இல்லை. ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டிலும் வைத்து அழுத்துங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் இடையில் உள்ள கேபிளோ ரிலேயோ மின்சாரத்தை விழுங்குகிறது. நெகட்டிவிலிருந்து இன்ஜினின் சுத்தமான இரும்புக்கும் இப்படியே அளக்கலாம், அங்கே 0.2 தாண்டக்கூடாது. சேற்றில் ஓடும் வண்டியில் பெரும்பாலும் இந்த எர்த் பக்கம்தான் முதலில் அரிக்கும்.

பேட்டரி நல்லது என்று தெரிந்தும் அடிக்கடி இறங்கினால் சார்ஜிங்கைப் பாருங்கள். இன்ஜினை 3000, 4000 ஆர்பிஎம் அளவுக்கு ஏற்றினால் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13 கூட வரவில்லையா? ஸ்டேட்டரிலிருந்து வரும் பிளக்கைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பழுப்பேறி உருகியிருப்பது சகஜம். 15ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அதை விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் மாற்றினால் புதியதும் வெந்துபோகும்.

தீபாவளி லீவு முடிந்து வந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்கிறீர்களா? சாவியை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்ப் அளவில் மாட்டுங்கள். சில மில்லிஆம்ப் இருந்தால் பரவாயில்லை. 50 மில்லிஆம்ப் ஓடினால் 12 ஆம்பியர்-அவர் பேட்டரி பத்தே நாளில் காலி. வண்டி வாங்கிய பிறகு கூட்டிய லைட்டும் போன் சார்ஜரும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியவை. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எங்கே கசிகிறது என்று தெரியும். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், ஆசிட்டைத் தனியாகக் கொடுக்கும் பேட்டரியைக் கடையில் ஊற்றிய கையோடு வண்டியில் மாட்டாதீர்கள். ஊற்றிய பின் குறைந்தது அரை மணி நேரம் தட்டுகள் ஊற வேண்டும், பிறகு முழுச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அவசரத்தில் அப்படியே மாட்டப்படும் பேட்டரி அதன் முழுத் திறனுக்கு வரவே வராது. கடைக்காரர் அவசரப்படுத்தினாலும், மறுநாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.