நான் தூங்கும்போது வண்டியும் சார்ஜ் ஆகட்டும்

‘எலக்ட்ரிக் கார் சார்ஜிங் உண்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பித்தான் அந்த மோட்டலில், அதாவது வண்டியோடு வருகிறவர்கள் தங்கும் விடுதியில், அறை எடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் 11 சதவீதம். இருந்ததே ஒரு சார்ஜர். அதை மறித்துக்கொண்டு ஒரு டீசல் வண்டி. வரவேற்பில் கேட்டால், “யாருடையதோ, காலையில் எடுத்துவிடுவார்கள்” என்கிறார். காலையில் நான் கிளம்பியாக வேண்டுமே!

அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்கவும் விடவில்லை. அதில் அவரைக் குறை சொல்லமாட்டேன். சுருட்டிவைத்த ஒயரில் மணிக்கணக்காகக் கரண்ட் ஓடினால் சூடேறி உருகிவிடும். ஆனால் வசதி இருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்கியது அநியாயம். இரவு பத்து மணிக்கு நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரைத் தேடி ஓடினேன். 80 சதவீதம் தாண்டியதும் வேகம் சரிந்துவிட்டது. யூனிட்டுக்கு வீட்டில் ஆவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்தேன். பயணக் கணக்கில் விழுந்த முதல் துண்டு இதுதான். தூக்கமும் போயிற்று.

மறுநாள் தங்கியது பழைய, சின்ன மோட்டல். அறைக் கதவைத் திறந்தால் வண்டி. வண்டிக்கு எதிர்ச் சுவரில் 32 ஆம்பியர் சார்ஜிங் பெட்டி. 230 வோல்ட்டில் அது 7.4 கிலோவாட். ஒன்பது மணிக்குச் சொருகிவிட்டுப் படுத்தேன். என் 60 யூனிட் பேட்டரி விடியுமுன்பே நிறைந்துவிட்டது. என்ன நிம்மதியான தூக்கம்!

நாலைந்து வண்டி ஒன்றாக வந்தால் லோடு தாங்குமா என்று உரிமையாளரிடம் கேட்டேன். பெட்டிகளே கரண்டைப் பங்கு பிரித்துக்கொள்ளுமாம், அதனால் பெரிய இணைப்பு வாங்கவில்லை என்றார். எல்லா மோட்டலும் இதைச் செய்யலாம். ஃபாஸ்ட் சார்ஜர் வைக்கக் கட்டுப்படியாகவில்லை என்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: தங்க வருகிறவனுக்கு அது வேண்டவே வேண்டாம். வெறும் 16 ஆம்பியர் கொடுத்தாலும் ஒன்பது மணி நேரத்தில் 30 யூனிட் ஏறும், 180 கிலோமீட்டர் ஓடலாம். 1925-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சான் லூயிஸ் ஒபிஸ்போ ஊரில் மோட்டாரையும் ஹோட்டலையும் சேர்த்து ‘மோட்டல்’ என்று பெயர் வைத்ததே, வண்டியோடு வருகிறவர்களுக்காகத்தான்.

செலவுப் பட்டியலை அடுத்த பதிவில் போடுகிறேன். அதற்குள் அறை எடுப்பவர்கள் போனில் கேளுங்கள்: எத்தனை சார்ஜிங் பாயின்ட், எத்தனை கிலோவாட், மற்ற வண்டிகள் நிற்காமல் பார்த்துக்கொள்வீர்களா, கேபிள் நான் கொண்டுவர வேண்டுமா. நாளை இரவுக்கு அப்படித்தான் கேட்டேன். “கூம்பு வைத்து இடம் பிடித்துவைக்கிறோம்” என்றார்கள். அறையின் படத்தைக்கூடப் பார்க்காமல் பதிவு செய்துவிட்டேன்.