ஜனவரியிலிருந்து முதல் முட்டை வரை: இந்த வருஷத்துக் கேனரிக் கணக்கு

போன வருஷம் என் கேனரிப் பாட்டுக்குருவிகள் இட்டது பதினோரு முட்டை, அதில் ஒன்பது கூமுட்டை. மிச்சம் இரண்டில் ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்தது. பொரிந்த ஒன்றேயொன்றும் மூன்று நாள்தான் இருந்தது. மே மாதம் கூடுகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "பாட்டு மட்டும் போதும்னா ஒரு ரேடியோ வாங்கியிருக்கலாமேங்க?"

தப்பு எங்கே என்று எனக்கு அப்போதே தெரியும். ஜனவரியில் நாலு நாள் வெயிலடித்ததும் பொறுக்கவில்லை. ஷெட் விளக்கின் டைமரைத் திருகி, எட்டு மணி நேர வெளிச்சத்தை ஒரே வாரத்தில் பதினாலாக்கினேன். பெட்டைகள் ஏமாந்து முட்டையிட்டன. சேவல்கள் பாடினவே தவிர, தயாராகவில்லை. அதனால் இந்த வருஷம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதி வந்தேன். கீழே இருப்பது அதிலிருந்து எடுத்தது. "விதை போட்டேன், தண்ணீர் மாற்றினேன்" பக்கங்களை விட்டுவிட்டேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கே, நார்விச்சில். (எழுதுவதுதான் அப்படி, ஊர்க்காரர்கள் வாயில் அது நாரிச்.) 16-ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) பக்கமிருந்து தஞ்சம் தேடி வந்த நெசவாளர்கள் கேனரிகளையும் கொண்டுவந்தார்கள் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கதை. ஊர்ப் பெயரிலேயே ஒரு கேனரி வகை உண்டு. கால்பந்து அணியின் சின்னமும் அதே குருவிதான். ஈரோட்டுப் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் வேறெந்தப் பறவையை வளர்ப்பான் சொல்லுங்கள்.

தோட்டத்தில் எட்டடிக்கு ஆறடி மர ஷெட். உள்ளே மூன்று இரட்டைக் கூண்டு, பறந்து திரிய நீளக் கூண்டு ஒன்று. பறவைகள் எட்டு: குளோஸ்டர் ஆறு, நார்விச் இரண்டு. குளோஸ்டர் பன்னிரண்டு செ.மீ.கூட வராத சின்ன உருண்டை. அதில் தலையில் கிண்ணம் கவிழ்த்தாற்போல் கொண்டை உள்ளதற்கு 'கொரோனா' என்று பெயர். 2020-இல் வீட்டுக்கு வந்தவர்களிடம் இதை விளக்கி விளக்கியே ஓய்ந்துபோனேன். 1925-இலிருந்து இருக்கும் வகை இது. கொண்டையில்லாதது 'கான்சார்ட்'. எங்கள் வீட்டில் கொண்டை, மொட்டை, அவ்வளவுதான். ஜோடி போடும்போது எப்போதும் ஒரு கொண்டை, ஒரு மொட்டை. இரண்டும் கொண்டையாகப் போட்டால், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் கொண்டை மரபணு வாங்கும் கரு பிழைக்காது. கணக்குப்படி நாலில் ஒன்று போய்விடும்.

ஜனவரி 12

இன்றைக்கு விளக்கு ஆரம்பம். டிசம்பர் கடைசியில் இங்கே எட்டு மணி நேரம்கூட வெளிச்சம் கிடையாது. கேனரிக்குக் காலண்டர் தெரியாது. பகல் நீளுகிறதா என்பதை வைத்துத்தான் அதன் உடம்பு விழிக்கிறது. இந்த வருஷத் திட்டம்: ஒன்பது மணி நேரத்தில் தொடங்கி வாரத்துக்கு அரை மணி கூட்டுவது. திங்கள்தோறும் டைமரை மாற்றினால் மார்ச் 23-இல் பதினாலு மணி வரும். நடுவில் எவ்வளவு வெயிலடித்தாலும் டைமரில் கை வைப்பதில்லை என்று நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்தேன்.

பெரிய விளக்கு அணைந்த பிறகு இருபது நிமிடம் எரிய ஒரு மங்கல் பல்பு. பட்டென்று இருட்டானால் பறவை குச்சியைத் தேடித் தடுமாறும். பின்னாளில் அடையில் இருக்கும் பெட்டை கூட்டுக்குத் திரும்ப முடியாமல் கீழேயே இரவைக் கழித்தால் முட்டைகள் குளிர்ந்துவிடும்.

ஜனவரி 18

ஷெட் கழுவல். முந்தின இரவு கூண்டுகளின் மேல் வெள்ளைத் துணி போர்த்திவைத்தேன். காலையில் இருட்டோடு போய் டார்ச் அடித்தால், துணியின் மடிப்பில் மிளகாய்த்தூள் தூவினதுபோல் நாலைந்து புள்ளி. ஒன்று நகர்ந்தது. விரலால் தேய்த்தேன், சிவப்பாகக் கோடு இழுத்தது. செள்ளுதான். பகலில் குச்சி முனையிலும் மரச் சந்திலும் ஒளிந்திருந்து, ராத்திரி வந்து பறவையின் ரத்தத்தைக் குடிக்கிற ஜாதி. இப்போது நாலைந்து, குஞ்சுகள் இருக்கும்போது விட்டால் ஆயிரக்கணக்கில் பெருகி, கூட்டிலேயே குஞ்சைக் கொன்றுவிடும்.

பறவைகளை வீட்டுக்குள் மாற்றிவிட்டுக் கூண்டுகளைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்தேன். குச்சிகளைக் கழற்றி வேகவைத்தேன், சந்துகளில் மருந்தடித்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடி. போன வருஷம் செத்துப்போன குஞ்சுக்கு இதுவும் ஒரு காரணமோ என்ற சந்தேகம் அன்றைக்கு முழுக்கக் கூடவே இருந்தது.

ஜனவரி 25

வயிறு பார்த்தேன். பறவையை உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்து, வயிற்று இறகை மெதுவாக வாயால் ஊதினால் இறகு விலகித் தோல் தெரியும். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. மஞ்சளாகத் திட்டு தெரிந்தால் கொழுப்பு. நார்விச் பெட்டைக்கு நெய் தடவின மாதிரி மஞ்சள். குளிருக்கு நல்லது என்று நான்தான் பேயெள்ளும் ஆளி விதையும் தாராளமாகப் போட்டேன். கொழுத்த பெட்டை லேசில் முட்டையிடாது, இட்டாலும் சிரமப்படும். அதை நீளக் கூண்டுக்கு மாற்றி, வெறும் கேனரி விதையும் கொஞ்சம் கேல் கீரையும் மட்டும். தீனிக்கிண்ணம் ஒரு முனை, தண்ணீர் மறு முனை. பறக்கட்டும்.

பிப்ரவரி 9

ராத்திரி ஹீட்டர் நின்றுபோயிருக்கிறது. காலையில் வெளியே மைனஸ் நாலு. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். எட்டும் பஞ்சு உருண்டையாக உப்பி உட்கார்ந்திருந்தன, என்னைப் பார்த்ததும் கத்தின. தண்ணீர்தான் பாறையாகிக் கிடந்தது. வெதுவெதுப்பாக மாற்றியதும் வரிசையாக வந்து குடித்தன.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார், ஐம்பது வருஷமாக நார்விச் வளர்ப்பவர். அவரிடம் பதறிப்போய்ச் சொன்னேன். சிரித்தார். குளிரை அவை தாங்கும், ஈரத்தைத்தான் தாங்காது; குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது முட்டை வயிற்றில் இருக்கும்போது என்றார். 2018 பிப்ரவரிக் கடைசியில் கிழக்கேயிருந்து வந்த பெருங்குளிரில், சீக்கிரமாக ஜோடி போட்டிருந்த அவருடைய பெட்டை ஒன்றுக்கு முட்டை மாட்டிக்கொண்டதாம். அதிலிருந்து மார்ச் பாதிக்கு முன்னால், சேவலையும் பெட்டையையும் பிரித்துவைக்கும் கம்பித் தடுப்பை அவர் எடுப்பதில்லை. நான் ஷெட் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு மூலையில் ஈரம். இத்தனை நாள் வெப்பமானியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மூலைக்கு மேலே காற்றுப் போக ஒரு துளை போட்டேன்.

பிப்ரவரி 14

காதலர் தினச் செய்தி: பெட்டை என்று நவம்பரில் காசு கொடுத்து வாங்கிய மொட்டை ஒன்று, இன்று காலை தொண்டையைப் புடைத்துக்கொண்டு முழுப்பாட்டும் பாடியது. பெட்டையும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கீச்சிடும், சில சமயம் பாடவும் செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மதியம் பிடித்து ஊதிப் பார்த்தேன். வாலடியில் கழிவாய் மொட்டுபோல் முன்தள்ளி நிற்கிறது. சந்தேகமே இல்லை, சேவல். விற்றவர் தெரிந்தே கொடுத்திருப்பார் என்று நினைக்கவில்லை. குளிர்காலத்தில் குளோஸ்டரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது அவ்வளவு கஷ்டம்.

பெரியவர் வழியாக ஒருவர் இதை வாங்கிக்கொண்டு, இரண்டு வயது மொட்டைப் பெட்டை ஒன்றைக் கொடுத்தார். அதற்கு வீட்டுச் சின்ன அறையில் ஒரு மாதத் தனிமை, ஷெட்டில் உள்ள அதே டைமர் நேரம். மகள் அதற்கு 'மருமகள்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

மார்ச் 2

முட்டைத் தீனி இனி ஒருநாள் விட்டு ஒருநாள். ஜனவரியில் வாரம் ஒன்று, பிப்ரவரியில் இரண்டு என்று ஏற்றி வந்தேன். பத்து நிமிடம் வேகவைத்த கோழிமுட்டையை மசித்து, ரஸ்க் தூள் சேர்த்துப் பிசைவது. எவ்வளவு தூள் என்று புத்தகங்கள் கிராமில் சொல்லும். எனக்குப் புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: பிடித்தால் பிடிபடணும், விட்டால் உதிரணும். சாயங்காலத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், புளித்தால் வயிற்றுப்போக்கு. கூடவே கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு), சிப்பித் தூள். போன மாதம் வரை கடல் நுரையைச் சீண்டாத கொண்டைப் பெட்டை இப்போது அதை ரம்பம் மாதிரி அறுக்கிறது.

மார்ச் 8

நகம் வெட்டினேன். நார்விச் இரண்டுக்கும் வாலடியைச் சுற்றி இறகையும் கத்தரித்தேன். அடர்த்தியான அந்த இறகே சேர்க்கைக்குத் தடை; போன வருஷம் சோம்பலில் விட்டது. இந்த ஜோடியில் சேவல் 'யெல்லோ', பெட்டை 'பஃப்'. இது நிறத்தைச் சொல்வதல்ல, இறகின் வாகைச் சொல்வது: யெல்லோவுக்கு இறகு குறுகல், பஃப்புக்கு அகலம். இரண்டும் பஃப்பாகத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுப் பெரிய பறவை எடுக்க ஆசைப்பட்டவர்கள், தோலுக்கடியில் இறகு சுருண்டு கட்டி கட்டியாக வரும் பறவைகளைத்தான் எடுத்தார்கள்.

மார்ச் 16

பதின்மூன்றரை மணி நேர வெளிச்சம். தனிமை முடிந்து மருமகளும் ஷெட்டுக்கு வந்தாயிற்று. மூன்று ஜோடியும் இரட்டைக் கூண்டில், நடுவில் கம்பித் தடுப்பு. இங்கேதான் எனக்குக் கை பரபரத்தது. சேவல்கள் இறக்கையைத் தாழ்த்திக் குச்சியில் நடனமாடுகின்றன. ஆனால் சேவலைப் பார்த்துத் தடுப்பை எடுத்தவன்தானே போன வருஷம் ஒன்பது கூமுட்டையை எண்ணினேன்? பெட்டை என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

கொண்டைப் பெட்டை கூண்டடியில் விரித்த காகிதத்தின் ஓரத்தைக் கிழித்து, அந்தத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஒரு குச்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கீழே போட்டது, திரும்ப எடுத்தது. இருபது நிமிடம் இதே வேலை. பிறகு தடுப்புப் பக்கம் போய், உடம்பைத் தாழ்த்திக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தது. சேவல் கம்பிக்கு இடையில் தீனி ஊட்டியது. அந்தத் தடுப்பை மறுநாள் காலை எடுத்தேன்.

நார்விச் ஜோடி 20-ஆம் தேதி. மருமகள் மட்டும் சேவலைக் கண்டாலே கம்பி வழியாகக் கொத்தப் பாய்கிறது. அதன் தடுப்பு அப்படியே இருக்கிறது.

மார்ச் 24

கூட்டுக்குப் பிளாஸ்டிக் கிண்ணம், அடியில் ஃபெல்ட் துணி. கட்டுவதற்குச் சணல் சாக்கைப் பிரித்து, விரல் நீளத்துக்கு வெட்டிய நார். நீளமாக விட்டால் காலில் சுற்றிக்கொள்ளும். கொண்டைப் பெட்டை ஒரே நாளில் கட்டி முடித்து, நெஞ்சை அழுத்திச் சுழன்று சுழன்று குழி எடுத்தது. நார்விச் பெட்டை காலையில் கட்டுவதும் மாலையில் பிரிப்பதுமாக இருக்கிறது.

மார்ச் 29

ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய ஞாயிறு. டைமரைத் தொடவில்லை, பறவைக்கு அந்தச் சட்டம் செல்லாது. காலையில் விளக்கு வந்து அரை மணி கழித்துப் போனேன். கொண்டைப் பெட்டை கூட்டிலிருந்து எழுந்து தீனிக்குப் போனது. உள்ளே ஒரு முட்டை: வெளிர்நீலம், அகன்ற முனையில் மட்டும் காப்பித்தூள் தெளித்த மாதிரி புள்ளிகள்.

டீஸ்பூனால் எடுத்து, விதை பரப்பிய கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கூட்டில் பிளாஸ்டிக் முட்டையை வைத்தேன். தினம் ஒன்றாக இடும். முதல் முட்டையிலேயே அடை தொடங்கினால் மூத்த குஞ்சு பெரிதாகி, கடைசிக் குஞ்சு பட்டினி கிடக்கும். நாலாவது வந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதுதான் வழக்கம். அதுவரை கிண்ணத்து முட்டைகளைத் தினம் புரட்டிவிட வேண்டும்.

ஏப்ரல் 1

நாலாவது முட்டை. சாயங்காலம் நாலையும் கூட்டில் திருப்பி வைத்தேன். பெட்டை உடனே ஏறி, கொண்டை மட்டும் தெரிகிற மாதிரி அமர்ந்தது.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "அடை வெச்சியே, கூட்டுல இரும்பு போட்டியா?" என்றாள். ஊரில் கோழியை அடை வைக்கும்போது இடிச் சத்தத்துக்கு முட்டை கெடாமலிருக்க ஆச்சி ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவாள். கூண்டுக் கம்பியே இரும்புதானம்மா என்றேன். "அது கூண்டு. நான் சொல்றது கூட்டுக்குப் பக்கத்துல." சரி என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், கருவிப் பெட்டியில் கிடந்த ஒரு போல்ட்டைக் கிண்ணத்துக்கு நேர் மேலே கூண்டின் கூரையில் வைத்துவிட்டு வந்தேன்.

பொரிக்கப் பதின்மூன்று, பதினாலு நாள். அம்மா லைனில் இருந்தபடியே தினசரிக் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. "பதிமூணு நாள்னா சித்திரை ஒண்ணுடா."